ஐந்தாவது முடிந்து ஆறாவதுக்கு: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. இங்கே தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடியும், நடுநிலைப் பள்ளி எட்டோடு முடியும். உயர்நிலையும் மேல்நிலையும் பெரும்பாலும் ஆறில் தொடங்கும். ஆக ஒரு பிள்ளை பத்தாவதுக்குள் ஒரு தடவையாவது பள்ளி மாறியே ஆக வேண்டும், சில பிள்ளைகள் இரண்டு தடவை. எல்லாப் பிள்ளைக்கும் அது சிரமம்தான். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், கேட்பதில் அல்லது பார்ப்பதில் குறை, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது எத்தனை மடங்கு என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்? மே மாதம் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஆரம்பியுங்கள். மார்ச், ஏப்ரலில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பொதுத்தேர்வுப் பணியில் ஓடிக்கொண்டிருப்பார்கள், மே மாதம் பள்ளியில் ஆளே இருக்காது. ஜூன் முதல் வாரத்தில் போனால் சேர்க்கைக் கூட்டத்தில் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. ஜனவரி, பிப்ரவரியில் தலைமை ஆசிரியரை உட்கார்ந்து பார்க்க முடியும். தரைத்தளத்தில் ஒரு வகுப்பறை, கழிப்பறையில் ஒரு கைப்பிடி என்று நீங்கள் கேட்பதைச் செய்து முடிக்க அவருக்கும் நாலைந்து மாதம் கிடைக்கும்.

தொடக்கப் பள்ளியில் நன்றாகத்தானே இருந்தான். ஆறாவதில் அப்படி என்ன மாறிவிடுகிறது?

அங்கே ஒரு டீச்சர்தான் நாள் முழுக்க. அவருக்கு உங்கள் பையனின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். இங்கே தமிழுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று ஐந்தாறு பேர், முக்கால் மணிக்கு ஒரு பெல். ஒவ்வொரு பெல்லுக்கும் ஒரு புதுக் குரல், ஒரு புது எழுத்து, ஒரு புதுக் கண்டிப்பு. கேட்பதில் குறையுள்ள பிள்ளைக்கு ஒரு உதட்டசைவைப் பழகுவதே மாதக்கணக்கான வேலை. இங்கே அது ஐந்தாறு உதடுகள் ஆகிவிடும்.

அப்புறம் பள்ளியின் அளவு. எண்பது பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்து எண்ணூறு பேர் இருக்கும் இடத்துக்குப் போகிறான். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி, மதியம் சாப்பாட்டு வரிசை, மாடிப்படியில் நெரிசல் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

யாரும் யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்டது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் பலர் பள்ளியில் காலை உணவு முடித்த பிறகுதான் மாத்திரை போட்டுக்கொள்வார்கள், டீச்சரே எடுத்துக் கொடுப்பார். ஆறாவது போனதும் அந்த உணவும் இல்லை, அந்த டீச்சரும் இல்லை. பெற்றோர் இதை ஜூலையில் கவனிப்பார்கள், அதற்குள் நாலைந்து வேளை விட்டுப்போயிருக்கும். மாத்திரை நேரத்தை விடுமுறையிலேயே மாற்றி வீட்டில் பழக்குங்கள். மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

டி.சி., மதிப்பெண் பட்டியல் எல்லாம் கொடுக்கிறார்களே. பிள்ளையைப் பற்றிய விவரம் அதோடு போய்ச் சேராதா?

போகாது. டி.சி.யில் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் இருக்கும். எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் குறைபாட்டின் வகை இருக்கும். 'பெருமூளை வாதம்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருப்பதை வைத்து, இந்தப் பெண்ணுக்கு இடது கையில் நோட்டைப் பிடித்துக்கொள்ள முடியாது, மேசையில் ஒட்டிவைத்தால் எழுதுவாள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐந்து வருடம் சேர்ந்த அந்த அறிவு பழைய டீச்சரின் தலையில் இருக்கிறது. அதைப் புதிய பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த மாற்றத்தில் உங்கள் முதல் வேலை. இது நடந்துவிட்டால் மற்றதில் பாதி தானாக நடக்கும் என்பது என் அனுபவம்.

அதற்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, பழைய டீச்சரும் புதிய வகுப்பாசிரியரும் ஒரு தடவை போனிலாவது பேச வேண்டும். அரசு ஏற்பாடு செய்யும் என்று காத்திருக்காமல் நீங்களே எண்ணை வாங்கி, நேரம் கேட்டுப் பேச வையுங்கள். இரண்டாவது, ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது?

மருத்துவ வார்த்தைகளைத் தவிர்த்து, பிள்ளையோடு ஒரு நாள் இருக்கப்போகிறவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு அது இப்படி இருக்கலாம்:

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது நன்றாகக் கேட்கும். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுச் சொன்னால் செய்வான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். விசில் சத்தமும் மைக் சத்தமும் தாங்காது, காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். ஓடினால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம்தான் போவான், கத்தாமல் கூட நடந்து போனால் போதும். சிறுநீர் வந்தால் கேட்கத் தெரியாது, சட்டை நுனியைக் கசக்குவான். மூன்று இலக்கக் கூட்டல் மனக்கணக்காகவே போடுவான், எழுத மட்டும் அதிக நேரம் வேண்டும். பஸ் நம்பர்கள் என்றால் உயிர். அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் உங்களோடு சேர்ந்துவிடுவான்."

அவ்வளவுதான். கீழே உங்கள் எண், மருந்து விவரம், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. பத்துப் பக்கக் கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள். இதை ஏழெட்டுப் படி எடுத்து ஒவ்வொரு பாட ஆசிரியருக்கும், உடற்கல்வி ஆசிரியருக்கும், சத்துணவு அமைப்பாளருக்கும் கொடுங்கள். பிள்ளைக்கு என்ன முடியும் என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும். 'முடியாது' மட்டுமே நிறைந்த தாளைப் படித்துவிட்டு வகுப்புக்குள் வரும் ஆசிரியர், முடியாததைத்தான் முதலில் பார்ப்பார்.

நடுநிலைப் பள்ளியா, நேராக மேல்நிலைப் பள்ளியா?

மற்ற வசதிகள் ஒரே மாதிரி இருந்தால், மாற்றங்கள் குறைவாக வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஐந்துக்குப் பிறகு நடுநிலைப் பள்ளியில் சேர்த்தால் எட்டு முடிந்ததும் மறுபடி ஒரு மாற்றம், அதுவும் பதின்மூன்று பதினான்கு வயதில். மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தால் பன்னிரண்டு வரை ஒரே வாசல். ஆனால் உங்கள் பிள்ளை இப்போது படிப்பதே நடுநிலைப் பள்ளியாக இருந்து, அங்கே அவளைத் தெரிந்த மனிதர்களும் இருந்தால், எட்டு வரை அங்கேயே விடுவது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள் என்பதற்காக மாற்றாதீர்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலுவலக அறையோடு திரும்பிவிடாமல் கழிப்பறைக்குப் போங்கள். மேற்கத்திய இருக்கை இருக்கிறதா, பூட்டித்தான் வைத்திருக்கிறார்களா, சாவி யாரிடம் என்று பாருங்கள். சாய்தளம் வாசலில் மட்டும் இருந்து வகுப்பறைக்கு மூன்று படி ஏற வேண்டியிருப்பது சகஜம்.

நல்ல தனியார் பள்ளி ஒன்று சேர்த்துக்கொள்கிறது. போகலாமா?

பிள்ளைக்கு அங்கே நன்றாக இருக்கும் என்றால் போகலாம். கணக்கில் எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு (மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பிறகு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும்), கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்றுதான் பார்க்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தால் மாத உதவி மட்டும் உண்டு. மூளைத்திறனில் எந்தக் குறையும் இல்லாமல் உடலில் மட்டும் குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஆறாவதில் எடுத்த முடிவு பன்னிரண்டாவதில் வந்து நிற்கும்.

"இங்கே வசதி இல்லை, சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

பெரும்பாலும் இப்படித்தான் மறுப்பார்கள், அக்கறையாகச் சொல்வதுபோல. கல்வி உரிமைச் சட்டம் 2009 படி 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைக்குத் தேர்வு வைத்தோ, பேட்டி வைத்தோ வடிகட்டக் கூடாது. டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இன்னும் ஒரு படி மேலே போகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்.

நடைமுறையில், சண்டையோடு ஆரம்பிக்காதீர்கள். "சரி சார், சேர்க்க முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலான மறுப்புகள் அந்த இடத்திலேயே கரைந்துவிடும். கரையவில்லை என்றால் வட்டார வள மையத்தில் (எல்லாரும் பி.ஆர்.சி. என்பார்கள்) உள்ள சிறப்புப் பயிற்றுநரை அழைத்துக்கொண்டு மறுபடி போங்கள். அடுத்து முதன்மைக் கல்வி அலுவலர், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதலாம். அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

அப்படியானால் சிறப்புப் பள்ளியே தவறா?

இல்லவே இல்லை. பிரெயில் முறையாகக் கற்க வேண்டிய பிள்ளைக்கும், சைகை மொழியில் தன் வயதுப் பிள்ளைகளோடு பேச வேண்டிய பிள்ளைக்கும் நல்ல சிறப்புப் பள்ளி பெரிய வரம். பூந்தமல்லி அரசு பார்வையற்றோர் பள்ளியில் படித்து வாழ்க்கையில் மேலே வந்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் தேர்வாக இருக்கட்டும், தள்ளிவிடப்பட்டதாக இருக்க வேண்டாம்.

என்னென்ன காகிதம் தயாராக இருக்க வேண்டும்?

யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, எமிஸ் எண். சான்றிதழ் காலாவதி ஆகிறதா என்று பாருங்கள். கற்றல் குறைபாட்டுக்கு 14 வயதில் மறுமதிப்பீடு உண்டு, அது சரியாக ஒன்பதாவது சமயத்தில் வந்து விழும். புதிய பள்ளியில் சேர்த்த பிறகு எமிஸில் குறைபாட்டு வகை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரின் கைப்பேசியிலேயே காட்டச் சொல்லுங்கள். உபகரணம், போக்குவரத்துப் படி, துணையாளர் படி எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் வரும்.

புதிய பள்ளி தூரம் என்றால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

வீட்டிலிருந்தே கற்கும் பிள்ளைக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. வீட்டுவழிக் கல்வியில் இருந்தாலும் அவள் பெயர் ஒரு பள்ளியின் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஐந்து முடிந்ததும் அது அடுத்த பள்ளிக்கு மாற வேண்டும். மாற்றாமல் விட்டால், வீட்டுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநரின் பட்டியலிலிருந்தும் இயன்முறைச் சிகிச்சையாளரின் பட்டியலிலிருந்தும் பெயர் நழுவிவிடும்.

புதுப் பள்ளிக்குப் பிள்ளையை எப்படிப் பழக்குவது?

ஏப்ரலில், பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்து ஒரு சனிக்கிழமை, காலியாக இருக்கும்போது. வாசல், வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், தலைமை ஆசிரியர் அறை என்று கைப்பேசியில் படம் எடுத்து, பெரிதாக அச்சுப் போட்டு வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மே மாதம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். முடிந்தால் பெல் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்து, முதலில் மெதுவாக, பிறகு சத்தமாகப் போட்டுக் காட்டுங்கள். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது.

கால அட்டவணை என்பதே அவர்களுக்குப் புதிது. பாடத்துக்கு ஒரு நிறம் வைத்து நோட்டுகளுக்கு அட்டை போடுங்கள், அதே நிறத்தில் அட்டவணையும். 'சிவப்பு எடு' என்றால் கணக்கு நோட்டு கைக்கு வந்துவிடும். புதுச் சீருடையின் பொத்தான், கொக்கி, பெல்ட் எல்லாம் ஒரு தனிப் பாடம். கழிப்பறையில் தானே கழற்றி மாட்ட வரவில்லை என்றால் உள்ளே எலாஸ்டிக் தைத்துவிடுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது.

பழைய வகுப்புத் தோழன் ஒருவனாவது அதே பிரிவில் இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு சலுகைதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

மற்ற பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

மறைக்க முடியாது, இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். யார் சொல்வது, என்ன சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் பிள்ளை பேசக்கூடியவன் என்றால் முதலில் அவனிடம் கேளுங்கள். பதினொரு வயதில் வெட்கம், மானம் எல்லாம் வந்துவிடும். அவனை வகுப்பின் முன்னால் நிற்க வைத்து "இவன் பாவம், எல்லாரும் அன்பாக இருங்கள்" என்று சொல்வதைப்போல் மோசமான ஆரம்பம் வேறு இல்லை. 'இவனுக்குக் காதில் இருப்பது கேட்கும் கருவி, இழுத்தால் வலிக்கும், முகத்தைப் பார்த்துப் பேசு' என்று சொன்னால் போதும்.

மகளுக்கு அறிவுசார் குறைபாடு. இன்னும் வயதுக்கு வரவில்லை. பள்ளியில் வந்துவிட்டால்?

ஆறாவதும் ஏழாவதும் அந்த வயதுதான், முன்னமே பழக்குங்கள். வீட்டில் நாப்கின் கட்டிப் பார்க்க வைத்து, சிவப்பு மையைத் தொட்டுக் காட்டி, எப்படி மாற்றுவது, எங்கே போடுவது என்று பல நாள் செய்து காட்டுங்கள். பையில் ஒரு மாற்று உடை எப்போதும் இருக்கட்டும். பள்ளியில் ஒரே ஒரு டீச்சரை அடையாளம் காட்டி, 'ஏதாவது என்றால் இவரிடம் போ' என்று பழக்குங்கள்.

இதோடு சேர்த்து, தன் உடம்பை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதையும், 'வேண்டாம்' என்று சத்தம் போடுவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய பள்ளியில் கழிப்பறைக்கு உதவ ஆயம்மா இருந்திருப்பார். இங்கே யார் என்ற கேள்விக்குப் பெயரோடு பதில் வாங்காமல் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்பெஷல் டீச்சர் அங்கேயும் வருவாரா?

வருவார், பி.ஆர்.சி.யின் சிறப்புப் பயிற்றுநர்தான் அவர். ஆனால் அவர் பல பள்ளிகளுக்குப் போய்வருபவர், வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் எதிர்பார்க்கலாம். உச்ச நீதிமன்றம் 2021-இல் தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. நடைமுறை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அதனால் அவர் வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அன்று அவர் உங்கள் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் படம் வரையச் சொல்வதைவிட, கணக்கு டீச்சரோடு அரை மணி நேரம் பேசுவது அதிகப் பயன் என்று எடுத்துச் சொல்லுங்கள். மீதி நாலு நாள் பாடம் எடுக்கப்போவது கணக்கு டீச்சர்தான்.

ஜூன் முடிந்துவிட்டது. தினமும் அழுகிறான், போக மாட்டேன் என்கிறான்.

ஆறேழு வாரம் வரை இது வழக்கம்தான். எந்த நேரத்தில் அழுகிறான் என்று குறித்துவையுங்கள். காலையில் மட்டும் என்றால் பிரிவு, பழகிவிடும். குறிப்பிட்ட கிழமை என்றால் ஒரு குறிப்பிட்ட பீரியடோ ஆளோ காரணம். பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் வருகிறான் என்றால் கழிப்பறைக்குப் பயப்படுகிறான். உடம்பில் காயம், தூக்கம் கெடுவது, பழகிய திறமைகள் பின்னால் போவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே பள்ளிக்குப் போங்கள். சில வாரங்களுக்கு அரை நாள் மட்டும் அனுப்பலாமா என்றும் கேட்கலாம். பல தலைமை ஆசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போகும்போது என்ன வேறுபாடு?

தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அதனால் ஏழெட்டு வருடம் உட்கார்ந்தே வந்துவிட்ட பிள்ளை, ஒன்பதில் திடீரென்று மதிப்பெண்ணைச் சந்திக்கிறான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைகளை ஒன்பதிலேயே பேசத் தொடங்குங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகியவை உண்டு. குறைபாட்டைப் பொறுத்து இவற்றில் எது என்பது அமையும். தலைமை ஆசிரியர் வழியாக, மருத்துவச் சான்றோடு, அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும்.

சலுகை கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பதிலைச் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. எங்கே கமா, எங்கே புதுப் பத்தி, படத்தில் எந்த இடத்தில் அம்புக்குறி என்று வாயால் சொல்லத் தெரிய வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே வேறு வேறு ஆட்களை வைத்து எழுதிப் பழகட்டும்.

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியர். ஐம்பது பேரில் இப்படி இரண்டு பேர். என்னால் என்ன செய்ய முடியும்?

உங்கள் சிரமம் உண்மை. பெரிய பயிற்சி இல்லாமலேயே செய்யக்கூடியவை சில உண்டு. கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள், காது கேளாத பிள்ளைக்கு உங்கள் முதுகு பாடம் நடத்தாது. எழுத முடியாதவனிடம் வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடுங்கள். பெல் அடிக்க ஐந்து நிமிடம் முன்பே அவனை வெளியே அனுப்பினால் மாடிப்படி நெரிசலில் மாட்ட மாட்டான். பழைய பள்ளி டீச்சருக்கு ஒரு போன் போடுங்கள், பத்து நிமிடம் போதும்.

பத்துக்குப் பிறகு?

பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்பதைச் செய்முறைத் தேர்வையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆய்வகத்தில் நிற்க, பிடிக்க, ஊற்ற என்ன ஏற்பாடு என்று முன்பே கேளுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டும் நல்ல வழிகள். வழக்கமான பள்ளியே ஒத்துவரவில்லை என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஐந்து பாடங்களை ஐந்து வருடத்துக்குள், ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். உயர்கல்வியில் அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களில் 5 சதவீத இடமும், வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் 2016 சட்டப்படி உண்டு. கடும் அறிவுசார் குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு 15 வயதிலிருந்தே தொழிற்பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடு செய்து ஆலோசனை தருகிறார்கள். வெளியூரிலிருந்து போவதாக இருந்தால் முன்பதிவு செய்துகொண்டு, பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.